வலி குறைய மனதையும் திருப்புவோம்

லயத்து வீடுகளில் சுடுதண்ணியோ கொதிக்கிற சோற்றுக்கஞ்சியோ கொட்டிப் பிள்ளைகளுக்கு எரிகாயம் படுவது உண்டு. காயம் பட்ட அன்றைய வலியைவிட, பிறகு மருந்து கட்டும்போது வரும் வலிக்கே பலர் பயப்படுகிறார்கள். பழைய கட்டை எடுத்து, காயத்தைக் கழுவி, புதிதாகக் கட்ட வேண்டும். குருவிட்டயிலிருந்து இரத்தினபுரி வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்க்கு வழியெல்லாம் இதே கவலைதான். "பிள்ளை கத்துது, நாளைக்குப் போவோம்" என்று தள்ளிப்போட்டால் காயத்தில் சீழ் பிடிக்கலாம், ஆறுவதும் பிந்தும். ஆகவே இந்த வலியைக் குறைக்கும் ஒரு வழியை இம்முறை படிப்போம்.

பனி உலகம்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹார்பர்வியூ வைத்தியசாலை இருக்கிறது. அங்கே எரிகாயம் பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹொஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1996 இல் அங்கே ஒரு புது முறையைத் தொடங்கினார்கள்.

நோயாளியின் முகத்தில் பெரிய கண்ணாடி போன்ற கருவியை மாட்டுவார்கள். கண்களுக்கு முன்னால் சின்னத் திரைகள் இருக்கும். தலையைத் திருப்பினால் காட்சியும் அந்தப் பக்கம் திரும்பும். பார்க்கிறவருக்கு அந்த இடத்துக்குள்ளேயே நிற்பது போல இருக்கும். இதை மெய்நிகர் உலகம் என்பார்கள்.

2000 ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய அறிக்கை, எரிகாயம் பட்ட 16, 17 வதுப் பையன்கள் இருவரைப் பற்றியது. காயத்துக்குச் சிகிச்சை செய்யும்போது சாதாரண வீடியோ விளையாட்டையும் இந்தக் கண்ணாடியையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட நேரத்தில் வலி குறைவு என்று இருவரும் சொன்னார்கள். எரிகாயக்காரர்களுக்கென்றே பிறகு ஒரு "பனி உலகம்" செய்தார்கள். அதில் பனிப் பள்ளத்தாக்கு வழியாகப் போய், பனி மனிதர்கள் மேல் பனி உருண்டை எறியலாம். அதற்குள் தாதி காயத்தைக் கழுவி முடிப்பார்.

2004 இல் மூளையைப் படம் பிடித்தும் பார்த்தார்கள். கண்ணாடி போட்டிருந்தபோது, வலியை உணரும் மூளைப் பகுதிகளின் வேலையே குறைந்திருந்தது.

எப்படிக் குறைகிறது?

அவசரமாகக் கொழுந்து எடுக்கும்போது வாது கையைக் கீறியது தெரியாது. நிறுவைக்கு வந்து கையைப் பார்த்த பிறகுதான் எரியத் தொடங்கும். காயம் முன்பும் அதே காயம்தான். மனசு வேறு வேலையில் இருந்தது. நமது கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. வேறொன்று அதைப் பிடித்துக்கொண்டால் வலிக்குக் கிடைப்பது குறைகிறது.

நாம் செய்யக்கூடியவை

கண்ணாடி இல்லாமலும் இந்தப் பாடம் நமக்கு உதவும். தடுப்பூசியின்போது வரும் வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்ன ஆலோசனைகளில் சில இவை:

1. பிள்ளையைப் படுக்க வைக்காமல், மடியில் நிமிர்த்தி அணைத்துப் பிடியுங்கள்.
2. பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசிக்குச் சற்று முன்போ ஊசியின்போதோ தாய்ப்பால் கொடுங்கள். 2, 4, 6 மாத ஊசிகளுக்கு இது நல்ல துணை.
3. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் காட்டுங்கள், பேச்சுக் கொடுங்கள், ஃபோனில் படம் காட்டுங்கள்.

நாங்கள் இன்னும் இரண்டு சொல்வோம். "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்ல வேண்டாம், அடுத்த முறை பிள்ளை நம்பாது. "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், அம்மா பக்கத்திலேயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். குழப்படி செய்யும் பிள்ளையை "டொக்டர்கிட்ட சொல்லி ஊசி போடுவேன்" என்று மிரட்டவும் வேண்டாம். அந்தப் பயம் ஊசியின் வலியையும் கூட்டும்.

மறக்கக்கூடாதது

மனதைத் திருப்புவது மருந்துக்குப் பதில் அல்ல. சியாட்டிலிலும் வலி மருந்தோடு சேர்த்துத்தான் கண்ணாடியைக் கொடுத்தார்கள். வைத்தியர் தந்த மருந்தை ஒழுங்காகக் கொடுங்கள். நாளுக்கு நாள் வலி கூடினால், காயம் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். அந்த வலி ஓர் எச்சரிக்கை, அதை மறக்க வைக்கக் கூடாது.

பேசிப் பார்ப்போம்

• நம் லயத்தில் ஊசியைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டும் பழக்கம் உண்டா?
• அடுத்த கிளினிக் நாளில் பிள்ளைக்குச் சொல்ல என்ன கதை வைத்திருக்கிறீர்கள்?