லொறியும் வீதியும் பாலமும்: வியாபாரி போட வேண்டிய கணக்கு

கின்னியாத் துறையடியில் பாதைக்காகக் காத்துக் கிடந்த நாட்களை நாற்பது வயதைத் தாண்டிய நமது வர்த்தகர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். லொறி வரிசையில் நிற்கும். பெட்டியில் ஐஸ் கரையும். மீன் ஒரு தரம் இறங்கி அடுத்த தரமாகிவிடும். மறுகரையில் உள்ள கடைக்காரர் தொலைபேசியில் "இன்னும் வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி 396 மீற்றர் நீளமான கின்னியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டப்பட்ட அந்தப் பாலம், திறக்கப்பட்டபோது நாட்டிலேயே மிக நீளமான பாலமாக இருந்தது. 2011இல் மட்டக்களப்பு வீதியிலிருந்த மற்றப் பாதைத் துறைகளுக்கும், உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று, பாலங்கள் வந்தன. மூதூரும் தோப்பூரும் சந்தைக்கு அருகில் வந்தன.

பாலம் வந்ததால் கிடைத்த இலாபம் எல்லோருக்கும் தெரியும். அந்த இலாபம் எத்தனை வருடத்துக்கு நிற்கும், அதை நிற்க வைப்பது யார் வேலை என்பதுதான் இந்த வாரப் பாடம். 'நிலைபேறான அபிவிருத்தி' என்ற சொல்லைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். மரம் நடுவது, மேடையில் பேசுவது என்று அது சுருங்கிப் போய்விட்டது. பொறியியலாளரின் அகராதியில் அதன் பொருள் எளிமையானது. ஒரு தடவை செலவழித்த பணமும் கல்லும் கம்பியும் எரிபொருளும் இயன்றவரை நீண்ட காலம் வேலை செய்ய வேண்டும். பத்து வருடம் நிற்க வேண்டிய வீதி நான்கு வருடத்தில் உடைந்தால், அதே வீதியை இரண்டு தடவைக்கு மேல் போடுகிறோம். அந்தத் தாரும் கருங்கல்லும் டீசலும் இரட்டிப்பாகின்றன. பணம் உங்கள் வரியிலிருந்து போகிறது.

வீதி ஏன் உடைகிறது? ஒப்பந்தகாரர் சரியில்லை என்பதே நமது வழக்கமான பதில். சில இடங்களில் அது உண்மையும்தான். ஆனால் மற்றொரு காரணம் நமது களஞ்சியத்தின் வாசலில் நிற்கிறது.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பலவிதத் தடிப்பில் வீதிகளை வளையமாகப் போட்டு, இராணுவ வீரர்களைக் கொண்டு வெவ்வேறு பாரமுள்ள லொறிகளை இரவு பகலாக ஓட்டினார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை சக்கர அச்சுகள் அந்த வீதிகளைக் கடந்தன. பாரம் கூடும் அளவுக்கு மட்டும் சேதம் கூடுவதில்லை என்பது அங்கே கண்டறியப்பட்டது. ஏறத்தாழ பாரத்தின் நான்காம் அடுக்கில் அது கூடுகிறது. அதாவது, ஓர் அச்சின் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் வீதிக்கு நேரும் சேதம் பதினாறு மடங்கு.

இதை நமது கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஓர் அச்சுக்கு 8 தொன் என்று வைத்து ஐந்து பயணத்தில் கொண்டுபோக வேண்டிய நெல்லை, 10 தொன் வீதம் ஏற்றி நான்கே பயணத்தில் முடித்துவிடுகிறார் ஒருவர். ஒரு பயணத்தின் டீசலும் சாரதிச் சம்பளமும் மிச்சம். கெட்டிக்காரர்தான். ஆனால் 8 தொன்னின் சேதத்தை 1 என்று எடுத்தால் 10 தொன்னின் சேதம் 2.44. ஐந்து பயணத்தில் 5 ஆக இருந்திருக்க வேண்டிய சேதம் நான்கு பயணத்தில் 9.76 ஆகிவிடுகிறது. வீதியின் ஆயுளில் பாதியை ஒரு பயணச் செலவுக்கு விற்றுவிட்டார். அவர் மட்டும் விற்கவில்லை, எல்லோருமாகச் சேர்ந்து விற்கிறோம். பிறகு குழியில் விழுந்து ஸ்பிரிங் உடைவதும், டயர் வெடிப்பதும், முட்டைப் பெட்டி நொறுங்குவதும் நமது கணக்குப் புத்தகத்தில்தான் எழுதப்படுகின்றன. அந்தச் செலவை யாரும் 'அதிக பாரம்' என்ற தலைப்பில் எழுதுவதில்லை, 'வாகனப் பழுது' என்றே எழுதுகிறோம்.

இந்தக் கணக்கில் ஒரு நற்செய்தியும் உண்டு. இருபது தொன்னை இரண்டு அச்சில் ஏற்றினால் சேதம் 4.88. அதே இருபது தொன்னை மூன்று அச்சில் பிரித்து ஏற்றினால் சுமார் 1.45. சரக்குக் குறையவில்லை, சேதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே லொறி வாங்கும்போது எத்தனை தொன் ஏற்றலாம் என்று மட்டும் கேட்காமல், எத்தனை அச்சு என்றும் கேளுங்கள். அரை தொன் அச்சுள்ள ஒரு சிறிய காரைவிட எட்டுத் தொன் அச்சு வீதிக்குச் செய்யும் சேதம் அறுபத்தையாயிரம் மடங்கு. முச்சக்கர வண்டிகள் பெருகியதால்தான் வீதி பழுதாகிறது என்று நமது சங்கக் கூட்டமொன்றில் ஒருவர் வாதாடியபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீதியின் அடுத்த எதிரி தண்ணீர். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. மலைநாட்டில் பெய்த மழையும் இறுதியில் நமது முற்றத்துக்கே வருகிறது. இப்படிப்பட்ட தாழ்நிலத்தில் வீதியை உயர்த்திப் போட்டால் அந்த வீதியே ஓர் அணைக்கட்டாகிவிடும். ஒரு பக்கத்து வயல் மூழ்கும், மறுபக்கம் காயும், கடைசியில் தண்ணீர் தனக்கு இஷ்டமான இடத்தில் வீதியை வெட்டிக்கொண்டு போகும். எனவே வீதியின் தடிப்பைவிட மதகுகள் எங்கே, எத்தனை, எவ்வளவு அகலம் என்பதே முதற் கேள்வி. கான்கள் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினால் காபட்டுக்குக் கீழேயுள்ள கிறவல் படை ஊறி இளகிவிடும். ஊறிய படையின் மேல் பாரமான லொறி ஏறினால், மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும். கடைக்கு முன்னால் உள்ள கானை மூடிச் சீமெந்து போட்டு நடைபாதையை விரிவாக்கியவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பொறியியலாளர்கள் 'நூறு வருட வெள்ளம்' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். நூறு வருடத்துக்கு ஒரு தடவைதானே, நமது காலத்தில் வராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதன் பொருள் அதுவல்ல. ஒவ்வொரு வருடமும் அப்படியொரு வெள்ளம் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பது வருடம் கடை நடத்தும் ஒருவருக்கு அதைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. ஒரு மதகை 25 வருட வெள்ளத்துக்கு மட்டும் கட்டினால், அந்த 25 வருடத்துக்குள்ளேயே அது தாங்காமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு 64. பாதிக்கு மேல்! 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, நமது மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. வானிலை மாறிவரும் இக்காலத்தில் பழைய மழைப் பதிவேட்டை மட்டும் வைத்து மதகு கட்டுவது போதாது. விலையை ஐந்து வருடத்துக்கு முந்திய பட்டியலைப் பார்த்துச் சொன்னால் வியாபாரம் என்னவாகும்? அதுபோலத்தான்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது பாலங்களும் கடைகளும் கடற்காற்றில் நிற்கின்றன. உப்பு கொங்கிறீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியை அடைந்ததும் துரு தொடங்குகிறது. துரு பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டைப் பிளக்கும். கம்பிக்கு வெளியே எவ்வளவு தடிப்பில் கொங்கிறீட் இருக்கிறது, கலவை எவ்வளவு இறுக்கமானது என்பதே கட்டடத்தின் ஆயுள். இங்கே நமது மாவட்டத்துக்குச் சொந்தமான ஒரு வாய்ப்பு உண்டு. நிலக்கரி மின்நிலையத்தில் எஞ்சும் சாம்பலைச் சேர்த்துத் தயாரிக்கும் கலப்புச் சீமெந்து, முறையாக நீரூற்றிப் பதப்படுத்தினால் உப்பை உள்ளே விடாமல் தடுப்பதில் சாதாரண சீமெந்தைவிடச் சிறந்தது. நுரைச்சோலையில் குவியும் சாம்பல் இப்படிப் பயன்படுகிறது. உலகின் கரியமில வாயுவில் சுமார் நூற்றுக்கு எட்டு வீதம் சீமெந்துத் தொழிலிலிருந்தே வருவதால், சாம்பல் சேர்த்த அளவுக்கு அதுவும் குறைகிறது. திருகோணமலையிலுள்ள டோக்கியோ சீமெந்து நிறுவனம் 2008இல் 10 மெகாவாற் மின்நிலையமொன்றை விறகைக் கொண்டு இயக்கத் தொடங்கியது. வேலியோரத்தில் நிற்கும் கிளிரிசிடியா மரத்தின் கிளைகளும் அங்கே எரிபொருள். வேலிக்கதியாலுக்கும் விலை உண்டு என்று நமது விவசாயிகள் அறிந்தது அப்போதுதான். ஹாட்வெயார் கடை நடத்துவோர் வாடிக்கையாளருக்கு விலை குறைந்ததைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், எந்தச் சீமெந்து எந்த வேலைக்கு என்று சொல்லிக்கொடுத்தால் அந்த வாடிக்கையாளர் மகனையும் அழைத்துக்கொண்டு திரும்பி வருவார்.

அடுத்தது புகையிரதம். 1927இல் இருந்து நமது ஊருக்கு ரயில் வருகிறது. துறைமுகமும் சீனக்குடாவும் அதனோடு இணைந்திருந்தன. சீனக்குடா மாவு ஆலையிலிருந்து மாவு ரயிலில் போனதும் உண்டு. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருள்வதற்கு, தார் வீதியில் டயர் உருள்வதற்குத் தேவையான சக்தியில் சிறு பங்கே போதும். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்கு ஏறியதையும், கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றதையும் நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் தண்டவாளத்தின் அருமை புரிந்திருக்கும். ஆனாலும் நமது சிறு வியாபாரி ரயிலில் சரக்கு அனுப்புவதில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருமுறை ஏற்றி இறக்கும் கூலி, எப்போது போய்ச் சேரும் என்ற நிச்சயமின்மை, மூட்டை குறையுமோ என்ற பயம், எல்லாம் உண்மையானவை. இவற்றைத் தீர்ப்பது தண்டவாளம் போடுவதைவிடச் சிறிய வேலை. நிலையத்தில் லொறியின் உயரத்துக்கு ஒரு மேடை, பூட்டக்கூடிய கொள்கலன், நேரம் தவறாத வாரம் இரண்டு சரக்கு வண்டி. பத்துப் பேர் சேர்ந்து ஒரு பெட்டியை நிரப்ப முன்வந்தால் கேட்பதற்கு ஒரு பலம் இருக்கும். தனித்தனியாகக் கேட்டால் கோப்பில் ஒரு கடிதம் கூடும், அவ்வளவுதான்.

புதிதாகக் கட்டுவதெல்லாம் முன்னேற்றம் என்று எண்ணுபவர்கள் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டிய தாங்கிகளில் ஒன்று 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதலில் அழிந்தது. மற்றவற்றில் பல காட்டுக்குள் கிடந்தாலும், அவற்றைத் திருத்திப் பயன்படுத்தவே 2022 ஜனவரியில் இந்தியாவோடு உடன்படிக்கை செய்யப்பட்டது. எண்பது தொண்ணூறு வருடம் கழிந்தும் பேரம் பேசத்தக்க பொருளாக ஒன்று இருக்கிறதென்றால், அதைக் கட்டிய பொறியியலாளர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

கடைசியாக, எழுதவே மனம் கனக்கும் ஒரு விடயம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கின்னியா, குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தார்கள். பழைய பாலத்தின் இடத்தில் புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால்தான் மக்கள் அந்த மிதவையை நம்ப வேண்டியிருந்தது. பாலம் நூறு வருடம் நிற்கும்படி வரைபடம் வரையலாம். அது எழும்பும் வரை பிள்ளைகள் எப்படிக் கடப்பார்கள் என்பதும் அதே வரைபடத்தில் இருக்க வேண்டும். தற்காலிகக் கடவை என்பது ஓர் உபகாரமல்ல, அது வேலையின் ஒரு பகுதி. அதற்கென்று பணம் ஒதுக்கப்பட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்று கணக்கிட்டு எழுதி ஒட்ட வேண்டும். கைப்பிடிக் கம்பியும் உயிர்காப்பு அங்கியும் இருக்க வேண்டும். பொறியியலாளர் ஒருவர் அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

உங்கள் பிரதேசத்தில் அடுத்த பாலத்துக்கோ வீதிக்கோ அடிக்கல் நாட்டும் வைபவத்துக்கு வர்த்தக சங்கத்தின் சார்பில் அழைக்கப்படும்போது, மாலையோடு ஒரு கடதாசியும் கொண்டு போங்கள். எந்த அச்சுப் பாரத்துக்கு இந்த வீதி? எத்தனை வருட வெள்ளத்துக்கு இந்த மதகு? திறந்த பிறகு கான் துப்புரவாக்க வருடாந்தம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், யாருடைய பொறுப்பில்? வேலை முடியும் வரை மக்கள் எதன் மேல் போய்வருவார்கள்? பதிலை எழுத்தில் கேளுங்கள். சங்கத்தின் கோப்பில் ஒரு பிரதி வையுங்கள்.