ஸ்கேனில் 'நான்' தெரிவேனா?

கேள்வி: தலைவலிக்காகப் போன மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்தேன். நம்மைப் பற்றி நாமே நினைக்கும்போது மூளையில் ஓர் இடம் பளிச்சென்று எரியும் என்று வாட்ஸ்அப் வீடியோ ஒன்றில் சொன்னார்கள். நான் நினைத்ததெல்லாம் என் ஃபிலிமில் பதிவாகியிருக்குமா டாக்டர்?
- வாசகி, ஈரோடு

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. உங்களுக்கு எடுத்தது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். கட்டி, கசிவு இருந்தால் தெரியும், எண்ணம் தெரியாது.

வீடியோவில் சொன்னது எஃப்.எம்.ஆர்.ஐ. மெஷின் அதேதான், எடுக்கும் முறை வேறு. வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும், அதைத்தான் அளக்கிறார்கள். அது உச்சத்தை எட்டவே ஐந்தாறு விநாடி ஆகும். அதற்குள் எண்ணம் எங்கோ போயிருக்கும்!

2002இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வில்லியம் கெல்லி குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். மெஷினுக்குள் படுத்திருப்பவருக்குக் குணத்தைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஒரு சொல்லுக்கு, "இது உங்களுக்குப் பொருந்துமா?" இன்னொன்றுக்கு, "அதிபர் புஷ்ஷுக்குப் பொருந்துமா?" வேறொன்றுக்கு, "பெரிய எழுத்தில் இருக்கிறதா?" அவ்வளவுதான். பிறகு முன்னறிவிப்பில்லாமல் ஞாபகத்தைச் சோதித்தபோது, தன்னோடு பொருத்திப் பார்த்த சொற்களே அதிகம் நினைவில் நின்றன.

நெற்றிக்குப் பின்னால், இரு அரைக்கோளமும் சந்திக்கும் நடுப்பகுதியில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் "எரிந்தது" என்பது சரியில்லை. புஷ்ஷைப் பற்றியோ எழுத்தைப் பற்றியோ கேட்டபோது அந்த இடம் சும்மா இருக்கும் நிலையைவிடத் தணிந்தது. தன்னைப் பற்றிக் கேட்டபோது அவ்வளவாகத் தணியவில்லை. எனக்கு இதுதான் ருசியான விஷயம். மெஷின் டக்டக்கென்று அடிக்க, நீங்கள் அசையாமல் கிடந்தபோது என்ன யோசித்தீர்கள்? கேஸை அணைத்தோமா, ரிப்போர்ட் என்ன வரும், மகளுக்கு எப்படிச் சொல்வது... எல்லாம் சொந்தக் கதைதானே! சும்மா இருக்கும் மூளை ஏற்கெனவே 'நான்' என்பதில்தான் உழல்கிறது போலும்.

2007இல் சீன ஆராய்ச்சியாளர் ஷிஹூய் ஹான் குழுவினர் இதே மாதிரி அம்மாவைப் பற்றியும் கேட்டார்கள். சீனர்களிடம் அம்மாவைப் பற்றிக் கேட்டபோதும் அதே பகுதி அதேபோல் இயங்கியது. மேலைநாட்டவரிடம் அப்படி இல்லை. சிறிய குழுக்களில் செய்தது, அதனால் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் ஏற்கிறேன்.

இப்படிப்பட்ட ஆய்வுப் படங்களில் தெரியும் சிவப்பு, மஞ்சள் வண்ணமும் பலருடைய அளவுகளைச் சராசரி எடுத்துக் கம்ப்யூட்டர் பூசுவது. ஒருவர் படத்தைப் பார்த்து அவர் கர்வியா, அடக்கமானவரா என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. அது கிடக்கட்டும், தலைவலி இப்போது எப்படி இருக்கிறது?