நாற்பது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

கேள்வி: தில்லியில் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். தரை சமமாகத்தான் கிடக்கிறது, ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் மெல்ல நகர்கிறது. பல காலம் வறண்டு கிடந்த வாய்க்கால்களாமே? பெரிய மோட்டார் வைத்து ஓடவிட்டார்களா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தோட்டத்துக்குப் போகிறவர்கள் கும்மட்டத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், நீங்கள் குனிந்து வாய்க்காலைப் பார்த்திருக்கிறீர்கள். அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

மோட்டார் உண்டு. ஆனால் தண்ணீரை மேலே ஏற்றிவிடுவதுதான் அதன் வேலை. திறந்த வாய்க்காலில் தண்ணீரை ஓட்டுவது சரிவு. கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பார்களே, அதுதான். வாட்டம் கெட்ட வாய்க்காலுக்கு எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் தலைமாட்டில் தண்ணீர் கரை வழியும், கடைமடை தேங்கியே நிற்கும்.

ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் இந்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து 2003இல் முடித்த சீரமைப்பில், சுமார் 3 கிலோமீட்டர் வாய்க்காலுக்கு மறுபடி வாட்டம் பிடித்தார்கள். எவ்வளவு தெரியுமா? 40 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர். உங்கள் கண்ணுக்குத் தரை சமமாகத் தெரிந்ததில் வியப்பே இல்லை.

இவ்வளவு குறைந்த வாட்டம் வேண்டுமென்றே வைத்தது. இது சார் பாக், அதாவது நான்காகப் பகுத்த தோட்டம். பகுக்கும் கோடுகளே வாய்க்கால்கள். அவற்றில் தண்ணீர் பாய்ந்தோடக் கூடாது. வானம் தெரியும்படி தகடாக நகர வேண்டும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மரவேர் தூக்கியோ மண் இறங்கியோ அடித்தளம் ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர் புடைத்தால், 40 மீட்டர் நீளத்து வாட்டமும் போயிற்று. தண்ணீர் தேங்கும், வண்டல் படியும், கொசு வரும். குளியலறையில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். விரிசலுக்கு மேல் சிமென்ட் பூசுவது இதற்கு மருந்தே அல்ல. பூச்சின் ஏற்ற இறக்கமே ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். கற்களைப் பெயர்த்து, ரசமட்டம் பார்த்து, திரும்பப் பதிக்கத்தான் வேண்டும்.

முகலாயத் தோட்டங்களின் சிற்றருவிகளுக்கும் இதே கவனம் தேவை. மட்டம் மாறும் இடத்தில் சாய்த்து வைத்த செதுக்குக் கல்லுக்குச் ‘சாதர்’ என்று பெயர். சால்வை என்று பொருள். செதுக்கல்களில் மோதித்தான் தண்ணீர் வெள்ளை நுரையாகிறது. அந்தப் பள்ளங்களைச் சாந்து பூசி மூடினால் அருவி வெறும் ஈரச் சுவராகிவிடும். மேல் விளிம்பு துளி சாய்ந்தாலும் சால்வை ஒரு பக்கம் கிழிந்துவிடும்.

சரி, ஏற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமே! தோட்டத்துப் பழைய கிணறுகளைத் தூர்வாரினார்கள். மழைநீர் நிலத்துக்குள் இறங்க 128 குழிகளும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்ட அந்த மோட்டாருக்கு வேலை வருகிறது.