மருத்துவமனையான மாளிகை

நுழையும்முன்

ஒரு நகரம் தனக்கு நன்மை செய்தவர்களை எவ்வாறு போற்றுகிறது? சாலைக்கு அவர்தம் பெயரைச் சூட்டுகிறது, சிலை எழுப்புகிறது, விருது வழங்குகிறது. இவற்றினும் மேலான பாராட்டு ஒன்று உண்டு. அதனைக் கொல்கத்தாவின் பவானிபூர்ப் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையின் வரலாறு எடுத்துரைக்கிறது.

பெயர்களின் நகரம்

இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கொல்கத்தாவில் ஓடியது. எஸ்பிளனேடில் புறப்பட்ட அந்த வண்டி பவானிபூர் நிலையம் வரை சென்றது. அந்நிலையம் இன்று 'நேதாஜி பவன்' என்று வழங்கப்படுகிறது. அதற்கு அடுத்தது 'யதின் தாஸ் பூங்கா' நிலையம். லாகூர்ச் சிறையில் 63 நாள்கள் உண்ணாநோன்பிருந்து 1929இல் உயிர் துறந்த விடுதலை வீரரின் பெயர் அது. பயணியர் பலர் இப்பெயர்களை நாள்தோறும் படிக்கின்றனர். இவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று கேட்பவர் சிலரே.

யதின் தாஸ் பூங்கா நிலையத்தின் அருகே, ஹஸ்ரா பகுதியில், 'சித்தரஞ்சன் சேவா சதன்' என்னும் மருத்துவமனை உள்ளது. சேவா சதன் என்பதற்குத் தொண்டு இல்லம் என்பது பொருள். அப்பெயர் அதற்கு மிகவும் பொருந்தும். ஏனெனில் அம்மருத்துவமனை ஒரு காலத்தில் உண்மையாகவே ஓர் இல்லமாக இருந்தது.

ஈந்த இல்லம்

அவ்வில்லத்திற்கு உரியவர் சித்தரஞ்சன் தாஸ். 1870இல் பிறந்த அவர், புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிப் பெரும்பொருள் ஈட்டினார். ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டபோது அத்தொழிலையே துறந்தார். மக்கள் அவரைத் 'தேசபந்து' என்று அன்புடன் அழைத்தனர். 1924இல் கல்கத்தா மாநகராட்சியின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ரஸ்ஸா சாலையில் இருந்த தம் மாளிகையையும் அவர் மக்களின் நலனுக்கென வழங்கினார்.

1925ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் டார்ஜிலிங்கில் தேசபந்து மறைந்தார். நாடே துயரில் ஆழ்ந்தது. அவருக்கு எத்தகைய நினைவுச்சின்னம் அமைப்பது என்ற வினா எழுந்தது. சிலை ஒன்றை எழுப்பி அத்துடன் கடமை முடிந்தது என்று அன்றைய தலைவர்கள் எண்ணவில்லை. சாதி மத வேறுபாடின்றிப் பெண்கள் அனைவருக்கும் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையையும், செவிலியர் பயிற்சி நிலையத்தையும் அம்மாளிகையில் அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். அதற்காகப் பத்து இலட்சம் ரூபாய் தருமாறு காந்தியடிகள் மக்களிடம் வேண்டினார். வங்காளத்தில் தங்கி நிதியும் திரட்டினார். 1926இல் சேவா சதன் திறக்கப்பட்டது.

தயக்கம் நீங்கியது

கதவு திறந்துவிட்டது, ஆயினும் உள்ளே வரப் பெண்கள் தயங்கினர். பேறுகாலம் வீட்டிலேயே கழிவது அக்கால வழக்கம். மருத்துவமனை என்றாலே அச்சம் கொண்டோர் பலர். கட்டடமும் பணமும் இருந்தால் மட்டும் தொண்டு நிறைவேறிவிடாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அத்தயக்கத்தைப் போக்கப் பாடுபட்டவர் மருத்துவர் விதான் சந்திர ராய். அவரும் உடன் உழைத்தவர்களும் மக்களின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாகப் பெற்றனர். பின்னர் எல்லாப் பிரிவுப் பெண்களும் சேவா சதனை நாடி வந்தனர். பெண்களுக்குச் செவிலியர் பயிற்சியும் சமூகப்பணிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இவ்வாறு, சிகிச்சை பெறும் இடமாக மட்டுமன்றி, பெண்கள் தொழில் கற்கும் இடமாகவும் அது வளர்ந்தது.

விதான் சந்திர ராய் கொல்கத்தாவில் பிறந்தவர் அல்லர். பாட்னாவில் பிறந்து, 1901இல் மருத்துவம் பயில இந்நகருக்கு வந்தவர். படிக்க வந்த ஊரையே தம் ஊராக்கிக்கொண்டார். பிற்காலத்தில் நகரின் மேயராகவும், 1948 முதல் 1962 வரை மேற்கு வங்கத்தின் முதலமைச்சராகவும் பணியாற்றினார். 1961இல் பாரத ரத்னா விருது பெற்றார். அவர் பிறந்ததும் மறைந்ததும் ஜூலை 1ஆம் நாளில்தான். அந்நாளே தேசிய மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சேவா சதனின் பணி மேலும் விரிந்தது. அதன் வளாகத்தில் உருவான புற்றுநோய் மருத்துவமனையை 1950ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார். அவர் நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர். மேரி கியூரியின் மகள்.

அடையாற்றில் ஒரு விளக்கு

தமிழகத்திலும் இதையொத்த வரலாறு ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அத்துயரம் அவர் உள்ளத்தில் ஓர் உறுதியாக மாறியது. பல்லாண்டு முயற்சியின் பயனாக 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்த மருத்துவர் சாந்தா, அந்நிலைய வளாகத்திலேயே வாழ்ந்து, 2021இல் மறையும்வரை நோயாளிகளுக்காக உழைத்தார். 2005இல் மகசேசே விருது அவரை நாடி வந்தது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது.

சிறந்த பாராட்டு

தேசபந்துவின் மாளிகை நின்ற ரஸ்ஸா சாலை இன்று சியாமா பிரசாத் முகர்ஜி சாலை எனப்படுகிறது. பவானிபூர் மெட்ரோ நிலையமும் பெயர் மாறியது. பெயர்ப்பலகைகள் காலந்தோறும் மாறலாம். ஆனால் அந்த இல்லத்தில் தொடங்கிய பணி நூற்றாண்டைத் தொட்டும் தொடர்கிறது. நற்பணி செய்தவரைப் பெயரால் போற்றுவது நன்று; அவர் பணியைத் தொடர்ந்து செய்வது அதனினும் நன்று.

அப்பணியைத் தொடர்பவர்களில் பெரும்பாலோருக்குச் சிலையும் இல்லை, சாலையும் இல்லை. இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர், தரையைத் துடைக்கும் பணியாளர், நோயாளியைச் சுமந்து வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆகியோரும் நகரை வாழவைப்பவர்களே. அவர்களுள் பலர் வேற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஓர் ஊருக்கு நன்மை செய்ய அங்கே பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவ்வூரைத் தம் ஊர் என எண்ணும் மனம் இருந்தால் போதும்.

சொல்லும் பொருளும்

ஈந்த – கொடுத்த
உண்ணாநோன்பு – உணவை மறுத்து மேற்கொள்ளும் அறப்போராட்டம்
பேறுகாலம் – குழந்தை பிறக்கும் காலம்
செவிலியர் – நோயாளிகளைப் பேணும் மருத்துவப் பணியாளர்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கல்கத்தா மாநகராட்சியின் முதல் மேயர் ________.
2. சித்தரஞ்சன் சேவா சதன் திறக்கப்பட்ட ஆண்டு ________.
3. தேசிய மருத்துவர் நாள் ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. நினைவுச்சின்னம்
2. பெரும்பொருள்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சேவா சதன் என்னும் பெயர் எவ்வாறு பொருத்தமானது?
2. சேவா சதன் திறக்கப்பட்டபோது எழுந்த தடை யாது? அது எவ்வாறு நீங்கியது?

ஈ. சிந்தித்து எழுதுக.
சிலை அமைத்தல், பணியைத் தொடர்தல் ஆகிய இரண்டில் சிறந்த பாராட்டு எது? பாடக் கருத்துகளைக் கொண்டு விளக்குக.

உ. செயல்பாடு
உங்கள் தெருவின் பெயர் எவ்வாறு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டறிக. அத்தெருவைத் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருக்க உழைக்கும் ஒருவரைச் சந்தித்து உரையாடுக. அவருக்கு நன்றி கூறித் தமிழில் பத்து வரிக் கடிதம் எழுதுக. அவருடைய மொழியில் அதன் பொருளை அவருக்குச் சொல்க.