சொர்க்க வாசலில் ஒரு நாய், புளோக் கீழே இரண்டு பூனைகள்



இந்தப் பாடத்தின் பொருள் ஜீவகாருண்யம். "இது தெரிஞ்ச விஷயம்தானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அன்பாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்புக்குச் செலவு வரும்போது, நேரம் போகும்போது, அலைச்சல் வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய பாடம்.

ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய புளோக். கீழ்த்தளத்தில் இரண்டு பூனைகள். ஒன்று கறுப்பு, இன்னொன்று சாம்பல் வரி. இரண்டுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேல். ஒன்றின் முதுகில் இன்னொன்று தலை வைத்துத்தான் தூங்கும். பல வருஷமாகச் சாப்பாடு வைத்த பாட்டிக்கு இப்போது முழங்கால் முடியவில்லை. மகன் வீட்டோடு உட்லண்ட்ஸுக்குப் போகிறார். மகன் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருப்பதால் அங்கே இடமில்லை.

அப்போது மூன்று குரல்கள் கேட்கின்றன. பக்கத்து புளோக் குடும்பம், "சாம்பல் பூனையை மட்டும் எடுத்துக்கிறோம், கறுப்பு வேண்டாம், சகுனம் சரியில்ல" என்கிறது. ஒரு தன்னார்வக் குழு, "வெளிநாட்டில் ஒரு தம்பதி இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கத் தயார். ஆனா செலவும் இருக்கு, காத்திருக்கவும் வேணும்" என்கிறது. மூன்றாவது குரல், "பூனைதானே, எப்படியாவது பிழைச்சுக்கும்" என்கிறது.

இதில் எது தர்மம்? பாடத்தின் முடிவில் இந்தக் கேள்விக்குத் திரும்புவோம்.

மகாபாரதம் என்ன சொல்கிறது?

மகாபாரதத்தின் கடைசிக் கட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாண்டவர்கள் நாட்டைத் துறந்து இமயம் நோக்கி நடக்கிறார்கள். திரௌபதியும் தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழுந்து இறக்கிறார்கள். யுதிஷ்டிரரோடு கடைசிவரை வருவது ஒரு நாய் மட்டும்தான். இந்திரன் தேருடன் வந்து, "ஏறு, ஆனால் நாய்க்கு இடமில்லை" என்கிறான். யுதிஷ்டிரர் மறுக்கிறார்.

பலர் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அதற்கு அடுத்து இந்திரன் கேட்பது ரொம்பக் கூர்மையான கேள்வி. "தம்பிகளையும் மனைவியையும் வழியில் விட்டுவிட்டு வந்தாயே, நாயை மட்டும் ஏன் விட முடியாது?" யுதிஷ்டிரரின் பதில் இதுதான்: அவர்கள் இறந்த பிறகே விட்டேன், அவர்களை எழுப்ப என்னால் முடியாது, உயிரோடு இருக்கும்போது யாரையும் விடவில்லை. என்னை நம்பி வந்த இந்த உயிரையும் விட மாட்டேன். பிறகுதான் அந்த நாய் தர்மதேவதை என்று தெரிகிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாப் பூனைகளையும் நம்மால் காப்பாற்ற முடியாது. அதற்காகக் குற்ற உணர்ச்சியில் மூழ்கவும் வேண்டாம். ஆனால் நம்மை நம்பி, நம் காலடிச் சத்தத்தை அடையாளம் கண்டு ஓடிவருகிற உயிருக்கு நாம் பொறுப்பு.

அதே மகாபாரதத்தில் ஒரு பூனைக் கதையும் இருக்கிறது. போருக்கு முன் துரியோதனன் உலூகனைத் தூது அனுப்பும்போது, யுதிஷ்டிரரைக் கேலி செய்ய இந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறான். கங்கைக் கரையில் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறதாம். எலிகள் அதை நம்பி அடைக்கலம் கேட்கின்றன. பூனை கொழுக்கிறது, எலிகளின் எண்ணிக்கை குறைகிறது! மாமல்லபுரத்துப் பல்லவர் சிற்பத்தில் கங்கை இறங்கும் பாறையின் அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று கை தூக்கியிருப்பதைப் பார்க்கலாம். அதைச் சுற்றி எலிகள்.

துரியோதனனின் குற்றச்சாட்டு, "உன் தர்மம் வேஷம்" என்பது. அதற்கு யுதிஷ்டிரரின் உண்மையான பதில் வாய்ச்சொல்லில் இல்லை. சொர்க்க வாசலில், பார்க்க ஊரில் யாருமே இல்லாத இடத்தில், ஒரு நாய்க்காக நின்று பதில் சொன்னார். நாமும் ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்ளலாம். பூனைக்குச் சாப்பாடு வைத்து, படம் எடுத்துப் போட்டுவிட்டு, மறுவாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தால், நாம் யுதிஷ்டிரரா, கங்கைக் கரைப் பூனையா?

சகுனமும் சரணாகதியும்

"கறுப்புப் பூனை குறுக்கே வந்தா ஆகாது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால் வைணவ மரபில் பூனைக்கு என்ன இடம் என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். சரணாகதியை விளக்க நம் ஆசாரியர்கள் வழியில் இரண்டு உவமைகள் வழங்குகின்றன. குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வது மர்க்கட நியாயம். இது வடகலையார் சொல்வது. பூனைக்குட்டி எதுவும் செய்யாமல் இருக்க, தாயே கவ்வித் தூக்கிச் செல்வது மார்ஜார நியாயம். இது தென்கலையார் சொல்வது. இந்த இரண்டாவது உவமையில் பெருமாளின் இடத்தில் இருப்பது யார்? ஒரு தாய்ப்பூனை! இறைவனின் கருணைக்கே உவமையான உயிரை அபசகுனம் என்று எப்படிச் சொல்வது?

இல்லறத்தார் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் ஒன்று பூதயக்ஞம், அதாவது மற்ற உயிர்களுக்கு உணவளிப்பது. காக்கைக்குச் சோறு வைப்பது அதன் ஒரு வடிவம். வள்ளுவர் அருளுடைமைக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். வடலூரில் 1867ல் சத்திய தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், ஜீவகாருண்யத்தையே இறைவனை அடையும் வழி என்றார். இது நாம் வெளியிலிருந்து கற்ற பாடமல்ல, நம்ம வீட்டுச் சொத்து.

நம்ம ஊர்ப் பூனைகளின் கதை

இனி சிங்கப்பூருக்கு வருவோம். இளையவர்கள் பலருக்கு இந்த வரலாறு தெரியாது.

1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இல்லாமல் இருந்தது. 1998ல் தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் ஒரு திட்டம் தொடங்கியது. 1999ல் தன்னார்வலர்கள் சேர்ந்து பூனை நலச் சங்கத்தை உருவாக்கினார்கள். 2003ல் சார்ஸ் வந்த நேரத்தில் அந்தத் திட்டம் நின்றுபோனது. பல தெருப் பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன. பிறகு தன்னார்வலர்கள் மெல்ல மெல்ல மறுபடி கட்டியெழுப்பினார்கள். 2024 செப்டம்பர் 1ல் வீவக வீடுகளில் பூனைக்கான தடை நீங்கியது. இப்போது ஒரு வீவக வீட்டில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் மாறிக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. தெருப் பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, முடிந்தால் வீடு தேடித் தந்து, இல்லையென்றால் அதே இடத்தில் விட்டுப் பராமரிக்கும் திட்டமும் விரிவாக்கப்பட்டது.

இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்ட பூனையைப் பார்த்தால் "ஐயோ பாவம், யாரோ அடிச்சிட்டாங்க" என்று நினைக்க வேண்டாம். அது கருத்தடை ஆனதற்கான அடையாளம். யாரோ ஒருவர் தன் நேரத்தையும் காசையும் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஜோடியை ஏன் பிரிக்கக் கூடாது?

பூனை தனிமை விரும்பி என்பார்கள். பாதிதான் உண்மை. சில பூனைகள் பல வருஷம் சேர்ந்து வாழ்ந்து பிரிக்க முடியாத ஜோடியாகிவிடும். ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்யும். உடம்பு ஒட்டித் தூங்கும். ஒன்றைக் காணோம் என்றால் மற்றது கத்தித் தேடும்.

பிரித்தால் வருத்தம் மட்டும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது. துணையை இழந்த பூனை சாப்பாட்டை நிறுத்திவிடலாம். பூனை சில நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், உடம்புக் கொழுப்பு ஈரலில் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். குண்டான பூனைக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறும் பல் நோயும் சாதாரணம். ஆகவே "ஒன்றுக்காவது வீடு கிடைச்சுதே" என்று சந்தோஷப்படுவதற்கு முன், மற்றதற்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டும்.

கஷ்டம் என்னவென்றால், எல்லாரும் கேட்பது குட்டிப் பூனை. வயதானதை, அதிலும் இரண்டைச் சேர்த்து எடுப்பவர்கள் குறைவு. அதனால்தான் உள்ளூரில் தேடிக் கிடைக்காதபோது கடல் கடந்தும் வீடு தேட வேண்டி வருகிறது.

வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி?

"டிக்கெட் போட்டு அனுப்பிடலாம்" என்று நினைக்காதீர்கள். இதில் வரிசை முக்கியம்.

முதலில் கால்நடை மருத்துவர். சிறுநீரகம், இதயம், பல் எல்லாம் பார்த்து, பயணத்தைத் தாங்குமா என்று அவர் சொல்ல வேண்டும். தாங்காது என்றால் அங்கேயே நிறுத்த வேண்டியதுதான்.

அடுத்து மைக்ரோசிப், அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி. சிப் பொருத்தும் முன் ஊசி போட்டால் ஐரோப்பிய நாடுகளும் பிரிட்டனும் அந்த ஊசியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. முதல் ஊசிக்குப் பிறகு 21 நாள் காத்திருக்கவும் வேண்டும். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநோய் இல்லை; அது நமக்குச் சாதகம், ஆனாலும் விதி விதிதான். ஆஸ்திரேலியா என்றால், மெல்பர்ன் அருகே மிக்கிளமில் உள்ள அரசாங்கத் தனிமை நிலையத்தில் குறைந்தது 10 நாள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநலப் பிரிவிடமும் போகிற நாட்டிடமும் கேட்டுத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பயணக் கூண்டைப் பல வாரங்களுக்கு முன்பே கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்து, உள்ளேயே சாப்பாடு வையுங்கள். பழகிய கூண்டு பூனைக்கு வீடு மாதிரி. பாட்டி உட்கார்ந்த துணி ஒன்றை உள்ளே போடுங்கள், தெரிந்த வாசனை பயத்தைக் குறைக்கும். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமே என்று தோன்றும். வானத்தில் மூச்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆபத்து என்பதால் விமான நிறுவனங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை.

எடுத்துக்கொள்பவரையும் விசாரிக்க வேண்டும். வீட்டைக் காணொளியில் காட்டச் சொல்லுங்கள். மருத்துவச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். "எங்களால் முடியாமல் போனால் தெருவில் விட மாட்டோம், குழுவுக்குச் சொல்வோம்" என்று எழுத்தில் வாங்குங்கள். கன்னிகாதானத்துக்கு இவ்வளவு விசாரிக்கிறோமே, வாயில்லாத உயிருக்கு விசாரிக்கக் கூடாதா?

"மனுஷனே கஷ்டப்படுறானே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான். அதைக் கேட்பவரைத் திட்டாதீர்கள்.

நம் பதில் இப்படி இருக்கலாம். கருணை ஒரு குடம் தண்ணீர் மாதிரி, ஒருவருக்கு ஊற்றினால் இன்னொருவருக்குக் குறையும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பழக்கம். பழகப் பழக வளரும். அந்தப் பாட்டி பூனைக்குச் சோறு வைத்த அதே கையால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சோறு போட்டிருப்பார். ஆனால் இன்னொன்றும் உண்மை: அப்பா அம்மாவைப் பார்க்காமல் பூனையைப் பார்க்கிறேன் என்றால் அது ஜீவகாருண்யம் இல்லை. ஐந்து வேள்விகளில் பூதயக்ஞமும் உண்டு, பித்ருயக்ஞமும் மனுஷ்யயக்ஞமும் உண்டு.

இப்போது அந்த இரண்டு பூனைகளிடம் வருவோம். மருத்துவர் சரி என்று சொன்னால் இரண்டும் சேர்ந்தே போகட்டும். செலவைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம். பயணம் தாங்காது என்றால் அதே புளோக்கில், பழகிய மூலையில், இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். பாட்டியின் இடத்தில் இரண்டு மூன்று இளைஞர்கள் முறைபோட்டு நிற்கட்டும். இரண்டில் எதுவானாலும் தர்மம்தான். பிரிப்பதும், "பிழைச்சுக்கும்" என்று சொல்லி நகர்வதும் மட்டும்தான் தர்மமில்லை. பாட்டியையும் மறக்காதீர்கள். அவரைப் பூனைகளிடம் விடைபெற வையுங்கள், பிறகு படம் அனுப்புங்கள். விட்டுக்கொடுக்கிற மனசுக்கும் கருணை வேண்டும்.

சங்கத்தில் கலந்துபேச

1. உங்கள் புளோக்கில் பூனைகளைப் பராமரிப்பவர் யார் என்று தெரியுமா? இந்த வாரம் அவரிடம் போய், "ஆன்ட்டி, ஏதாவது உதவி வேணுமா?" என்று கேளுங்கள். சாப்பாடு வைத்த இடத்தைத் துடைப்பதும் சேவைதான். அது இல்லாததால்தான் நகர மன்றத்துக்குப் புகார் போகிறது.

2. இந்திரனின் கேள்விக்கு யுதிஷ்டிரர் சொன்ன பதிலை உங்கள் வாழ்க்கையில் எங்கே பொருத்துவீர்கள்? உங்களை நம்பி இருப்பவர் யார்?

3. யாரும் பார்க்காதபோது நாம் செய்யும் நல்லது எது? யாராவது பார்த்தால் மட்டும் செய்வது எது? இதை வெளியே சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய், சாமி விளக்கின் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து யோசியுங்கள்.