இருசக்கர வாகனத்தில் ஒரு முதலுதவிப் பை

நம் மருத்துவமனைக்கு வருவோரில் பலர், மகனோ மகளோ ஓட்டும் வண்டியின் பின்னால் அமர்ந்தே வருகின்றனர். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையிலோ பாரதி சாலையிலோ வண்டி சறுக்கி விழ நேர்ந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை கைக்கு எட்டும் பொருள்களே துணை. அவற்றை எடுத்து வைக்கும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் ஓர் அட்டை

மேன்ஷன்களில் தனியே தங்கிப் பணிபுரிவோர் இப்பகுதியில் மிகுதி. ஒருவர் நினைவிழந்து, அவரது கைப்பேசியும் பூட்டியிருந்தால், ஊரிலுள்ள குடும்பத்தாருக்குச் செய்தி சொல்ல வழியில்லை. ஆகவே பெயர், இரத்த வகை, நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, உறவினர் இருவரின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதுங்கள். ஒரு படி பையிலும் மற்றொன்று சட்டைப்பையிலும் இருக்கட்டும்; விபத்தில் வண்டி ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் கிடக்கக்கூடும்.

வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், தலையில் இலேசாக அடிபட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெளிக்காயம் இல்லாவிடினும் மண்டைக்குள் இரத்தம் கசியக்கூடும். அட்டையில் அம்மருந்தின் பெயர் இருப்பது மருத்துவருக்குப் பேருதவி.

பையில் வைக்க வேண்டியவை

• கையுறை இரண்டு இணை
• காஸ் துண்டுகள், சுருள் கட்டுத்துணி, பிளாஸ்திரி
• கையைத் தாங்கிக் கட்ட முக்கோணத் துணி
• நுனி மழுங்கிய கத்தரிக்கோல், சிறு டார்ச்
• சிராய்ப்பைக் கழுவ அரை லிட்டர் தூய நீர்
• சர்க்கரை நோயாளியாயின் குளுக்கோஸ் பொட்டலம்

மழை நீர் புகாத உறையில் இவற்றை வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியின் இருக்கைக்கு அடியில் வெப்பம் கடுமையாக ஏறும். இன்சுலினையும் மாத்திரைகளையும் அங்கு வைக்கலாகாது.

விபத்து நேர்ந்தால்

108-ஐ அழைத்து, அருகிலுள்ள கோயில், மசூதி, சந்தை என ஏதேனும் அடையாளம் சொல்லுங்கள். குறுகிய தெருவாயின் ஒருவர் தெருமுனையில் நின்று வழிகாட்டட்டும். இரத்தம் வழியும் இடத்தில் காஸை வைத்துப் பத்து நிமிடம் விடாது அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் அதன்மேலேயே மற்றொன்றை வையுங்கள். காப்பித்தூளோ மஞ்சளோ தூவ வேண்டா. மூச்சுக்குத் தடை இல்லாதவரை தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டா. நினைவற்றவருக்கு நீர் புகட்ட வேண்டா.

வழக்கு வருமோ, செலவு வருமோ என்று தயங்க வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை, இணைந்துள்ள மருத்துவமனைகளில் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

இன்று செய்ய வேண்டியது

வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி முடியுங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பையைத் திறந்து, கெட்டுப்போனவற்றை மாற்றுங்கள். மருத்துவர் மருந்தை மாற்றினால், அன்றே அட்டையையும் திருத்தி எழுதுங்கள்.