மேலோடு மேல், கீழோடு கீழ்: கோடு போட்டால் புரியும் ஒரு பின்ன விதி

1/3-ஐயும் 3/4-ஐயும் கூட்டச் சொன்னால், மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டி 4/7 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. கூட்டலாக அது தப்பு. ஆனால் அந்த 4/7 இரண்டு பின்னங்களுக்கும் இடையில்தான் வந்து விழும்: 1/3 < 4/7 < 3/4. சமமில்லாத எந்த இரண்டு பின்னத்தை எடுத்தாலும் இப்படித்தான்; பகுதிகள் மிகை எண்ணாக இருந்தால் போதும். குறுக்குப் பெருக்கலில் இதை இரண்டு வரியில் நிரூபித்துவிடலாம். நிரூபித்தவரிடமே ‘ஏன் அப்படி?’ என்று கேளுங்கள், விழிப்பார். படம் போட்டவர் விழிக்க மாட்டார்.

1. கட்டம் போட்ட தாள், பென்சில், அடிக்கோல். பேனா வேண்டாம்.

2. பகுதியை வலப்பக்கமும் தொகுதியை மேல்பக்கமும் எண்ணுங்கள். 1/3-க்கு ஆதிப்புள்ளியிலிருந்து வலது 3, மேலே 1. 3/4-க்கு வலது 4, மேலே 3. இரண்டு புள்ளிக்கும் ஆதியிலிருந்து கோடு இழுங்கள். கோட்டின் சாய்வுதான் பின்னத்தின் மதிப்பு. மேலெண்ணை முதலில் படிக்கிற பழக்கத்தில் அதையே முதலில் வலப்பக்கம் எண்ணிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாம் தலைகீழாகும்.

3. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். நேராக வலது 7, மேலே 4 என்ற புள்ளிக்குக் கோடு இழுத்து, ‘நடுவில் இருக்கிறது, முடிந்தது’ என்பார்கள். அது சரிபார்த்தல், நிரூபணம் ஆகாது. முதல் கோட்டின் நுனிக்குப் போங்கள். அங்கிருந்து இரண்டாம் பின்னத்தின் நடையை நடங்கள்: வலது 4, மேலே 3. இப்போது (7, 4)-இல் நிற்கிறீர்கள். முதல் கோட்டை அதே சாய்வில் நீட்டியிருந்தால் 7-ஆம் கட்டத்தில் உயரம் 7/3 மட்டுமே. பாதி வழியில் அதைவிடச் செங்குத்தான ஏற்றத்துக்கு மாறியதால் 4-க்கு ஏறிவிட்டோம். ஆகவே (7, 4) முதல் கோட்டுக்கு மேலேதான் இருந்தாக வேண்டும்.

இதையே திருப்பிச் செய்யுங்கள். (4, 3)-இலிருந்து வலது 3, மேலே 1. வந்து சேர்வது அதே (7, 4). இந்த முறை செங்குத்தான ஏற்றத்திலிருந்து மந்தமான ஏற்றத்துக்கு மாறினோம். ஆகவே இரண்டாம் கோட்டுக்குக் கீழே. இப்போது தாளில் ஓர் இணைகரம் இருக்கும். ஆதியிலிருந்து போகும் அதன் மூலைவிட்டம்தான் 4/7. எண்களை மாற்றினாலும் வாதம் மாறாது. அதனால்தான் இது நிரூபணம்.

4. இணைகரத்தின் பரப்பை எண்ணிப் பாருங்கள்: 5 சதுரம். குறுக்குப் பெருக்கலும் அதையே தரும்: 3 × 3 − 1 × 4 = 5. பள்ளியில் மனப்பாடம் செய்த குறுக்குப் பெருக்கலுக்கு இதுதான் உருவம். பின்னங்கள் சமமானால் பரப்பு 0, இணைகரமே இல்லை.

5. ‘இடையில்’ என்றால் ‘சரிபாதியில்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சராசரி 13/24, 4/7 அதைவிடக் கொஞ்சம் பெரியது. நீளமான கோடு மூலைவிட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். 1/3-ஐ 2/6 என்று எழுதினால் விடை 5/10, அதாவது 1/2 ஆகிவிடும். அதனால் மதிப்பெண் போன்ற கணக்குகளில் முதலிலேயே சுருக்கக் கூடாது. 6 கேள்வியில் 2 சரி என்பதும் 3 கேள்வியில் 1 சரி என்பதும் ஒரே விகிதம்தான். மொத்தத்தில் சேரும்போது எடை வேறு.

பயன் என்ன என்பவர்களுக்கு: இரண்டு பின்னத்துக்கு இடையே இன்னொன்று தேட இதைவிடக் குறுக்குவழி இல்லை. பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா ஷுகே 1484-லேயே இந்த வழியைச் சொல்லிவிட்டார். பையின் மதிப்பு 333/106-க்கும் 22/7-க்கும் இடையில் இருக்கிறது. மேலோடு மேல், கீழோடு கீழ் சேருங்கள்: 355/113. ஆறு தசம இடம் வரை பையோடு ஒத்துப்போகும். இதற்கு மட்டும் படம் போட உட்காராதீர்கள். அவ்வளவு நீள இணைகரத்துக்குப் பரப்பு வெறும் 1 சதுரம். எவ்வளவு கூராகப் பென்சில் சீவினாலும் இரண்டு கோடும் ஒன்றாகத்தான் தெரியும்.